சுவரில் இருக்கும் முகத்தை விசாரிப்பது

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து கிள்ளிப்பாலம் நோக்கி நடந்தால் பாதி வழியில் ஆரியசாலை வரும். அரிசி மூட்டை, வற்றல் மிளகாய், வெல்லம், பித்தளைப் பாத்திரம் என்று கண்ணில் படுவதெல்லாம் கடைதான். திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த கடைத்தெரு இது. திருவனந்தபுரத்தில் தமிழ் இன்றும் வியாபார மொழியாக உரக்கக் கேட்கும் தெருவும் இதுதான். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து கிளம்பி வரும் தெய்வங்களில் வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்குவது ஆரியசாலைக் கோயிலில்.

பழைய உருவப்படம் தேடி வருகிறவர்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். கடைக்குப் பின்னால் வீடு இருக்கிறது. நீளமான இடைநாழி, நடுவில் வெளிச்சம் விழும் ஒரு முற்றம், அதற்கு அப்பால் ஒரு பெரிய அறை. அந்த அறையின் சுவரில், உத்தரத்துக்குக் கீழே, சற்று முன்பக்கம் சாய்ந்தபடி ஒரு முகம் தொங்கும். தலைப்பாகை கட்டிய பெரியவர், பட்டுப் புடவையில் ஒரு மூதாட்டி, பொத்தான் போட்ட கோட்டில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர். இப்படிப்பட்ட வீடுகள் சாலையிலும் கோட்டைக்குள்ளும் கரமனை அக்கிரகாரத்திலும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு குறைந்தும் வருகின்றன. வீடு இடிபடும்போது படங்கள் உறவினர் வீட்டுப் பரணுக்குப் போகின்றன. பரணில் இரண்டு மழைக்காலம் கிடந்தால் துணியில் பூஞ்சை ஏறிவிடும். அதனால்தான் இந்த நூலில் இதற்கென்று ஒரு அத்தியாயம் ஒதுக்கினேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: விலையை முதலில் கேட்காதீர்கள். அந்தப் படம் அந்தச் சுவருக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். அதற்குப் பதில் முழுதாகக் கிடைத்து, நீங்கள் அதை எழுதி வைத்துக்கொள்ளும் வரை பணப் பேச்சு வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், ஆரியசாலையில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டில் எண்ணெய் வண்ணப் படம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நல்ல மனிதர், எழுபது வயதிருக்கும். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். படம் என் எதிரே இருந்தது. நெற்றியில் விபூதி, காதில் கடுக்கன், வலது கை ஒரு மேசை மேல். மனசு அடித்துக்கொண்டது. மோர் டம்ளரைக் கீழே வைக்கும் முன்னே, “அண்ணாச்சி, இதைக் கொடுப்பீங்களா, என்ன எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “பாத்துக்கிட்டுப் போங்க. கொடுக்கதுக்கு இல்ல” என்றார். அவ்வளவுதான். பிறகு மழையைப் பற்றிப் பேசினார், பச்சரிசி விலையைப் பற்றிப் பேசினார், படத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

வெளியே வந்த பிறகுதான் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. படத்தில் இருந்தவரின் நெற்றியில், தீட்டிய விபூதிக்கு மேலே, நிஜமான சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. காய்ந்து வெடித்த பழைய சந்தனத்தின் மேல் புதிய சந்தனம். திதி தவறாமல் வைத்து வந்த பொட்டு. அந்த வீட்டில் அது படம் அல்ல, ஆள். ஆளுக்கு விலை கேட்டிருக்கிறேன்.

ஆகவே முதல் விதி: சந்தனம் ஈரமாக இருந்தால், மாலை வாடியதாக இருந்தாலும் இந்த வருஷத்து மாலையாக இருந்தால், அந்த வீட்டில் வாங்கும் பேச்சை எடுக்காதீர்கள். கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு, குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த தலைமுறையில் பேச்சு எழுந்தால் எழட்டும்.

படத்தில் இருப்பவர் யார்

விசாரணை இங்கே தொடங்க வேண்டும். வீட்டார் சொல்லும் பெயரை மரியாதையோடு கேட்டு எழுதுங்கள்; பிறகு படத்தையே சாட்சியாக வைத்துச் சரிபாருங்கள். திருவிதாங்கூர்ப் படங்களில் இதற்கு நிறைய வழி இருக்கிறது.

முதலில் தலைமுடி. குடுமி முன்பக்கம் முடிந்திருந்தால் அவர் நாயரோ நம்பூதிரியோ ஆக இருக்கலாம். பின்பக்கம் முடிந்திருந்தால் தமிழர் பக்கம். பெண்களுக்குக் காதைப் பாருங்கள். வளர்த்த காதில் பாம்படம் தொங்கினால் தென்தமிழ்நாட்டுக் குடும்பம். வட்டமான தோடாவும் கழுத்தில் நாகபடமும் இருந்தால் நாயர் தறவாடு. வேளாளர் வீட்டுச் சுவரில் நாகபடத் தாலி அணிந்த பெண் இருந்தால் இரண்டில் ஒன்று: படம் வேறு வீட்டிலிருந்து வந்திருக்கிறது, அல்லது குடும்பத்தில் யாரும் சொல்லாத ஒரு உறவு இருக்கிறது. இரண்டாவதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

“எங்க பாட்டா திவானா இருந்தாரு” என்று பல வீடுகளில் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திவான் கச்சேரியில் குமஸ்தாவாக இருந்தவர் மூன்று தலைமுறை கழிந்து திவான் ஆகிவிடுவது எல்லாக் குடும்பத்திலும் நடப்பது. திவான்களின் வரிசை தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. சேஷய்ய சாஸ்திரி 1872 முதல் 1877 வரை, அவருக்குப் பின் நாணுபிள்ளை 1880 வரை, அதன் பின் ராமய்யங்கார் 1887 வரை. பெயரும் ஆண்டும் பொருந்துகிறதா என்று பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பொருந்தவில்லை என்றாலும் படத்தின் மதிப்பு போய்விடாது. கச்சேரி குமஸ்தா ஒருவர் தன் சம்பளத்தில் எண்ணெய் வண்ணத்தில் படம் எழுதிக்கொண்டார் என்பது ஒரு திவானின் படத்தைவிட எனக்கு அதிகம் பேசும் செய்தி.

சட்டத்தின் பின்னாலோ துணியின் விளிம்பிலோ 1065, 1072 என்று எண் எழுதியிருந்தால் திடுக்கிட வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி வாக்கில் ஆண்டு மாறுவதால் சில மாதங்களுக்கு 824. அப்படியானால் 1065 என்பது 1889-90. வீட்டில் பழைய கணக்குச் சிட்டை எங்காவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். படக்காரனுக்குக் கொடுத்த பணம் சக்கரத்தில் எழுதியிருக்கும். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்படி ஒரு வரி கிடைத்தால், அது கையெழுத்தைவிடப் பெரிய ஆதாரம்.

எழுதியவர் யார்

ரவிவர்மா என்பார்கள். எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். அவர் பிறந்த கிளிமானூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கிறது, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் காலத்தில் ரவிவர்மா இந்தக் கோட்டைக்குள் இருந்தே கற்றார், ஆகவே சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அவரைச் சுற்றி வேறு கைகள் இருந்ததை வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும்.

சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்திலேயே மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு அரண்மனை ஓவியராக இருந்தார். அவருடைய வழியில் வந்த ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்தவர். இளைஞரான ரவிவர்மாவுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகக் கற்றுக் கொடுத்தார். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படமெழுத வந்தார். அவரும் கற்றுத்தர மனமில்லாமல், எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தே கற்றார். இந்தக் கதை ரவிவர்மாவின் பெருமைக்காகத்தான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. நான் சொல்வது வேறு காரணத்துக்காக. அழகிரி நாயுடு, ராமசாமி நாயக்கர், ஆறுமுகம் பிள்ளை எல்லாம் தமிழ், தெலுங்குப் பெயர்கள். இவர்களும் இவர்களுடைய மாணவர்களும் எங்கேயோ யாரையோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து இல்லாத ஒரு முகம் சாலையில் ஒரு வீட்டில் தொங்கினால் இவர்களில் ஒருவர் கையாக இருக்க இடமுண்டு.

பிந்திய காலத்துக் கைகளும் உண்டு. ரவிவர்மாவோடு தன் இறுதிவரை சேர்ந்து எழுதிய தம்பி சி. ராஜராஜவர்மா; தங்கை மங்களாபாய்; 1915இல் மாவேலிக்கரையில் ஓவியப் பள்ளி தொடங்கிய மகன் ராமவர்மா; 1888இல் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்து இன்று நுண்கலைக் கல்லூரியாக இருக்கும் பள்ளியில் படித்து வெளிவந்தவர்கள். வீட்டுச் சுவர்களில் உள்ள நல்ல படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் நான் ஆசிரியரைத் தேடுவேன்.

ரவிவர்மாதான் என்று குடும்பம் உறுதியாகச் சொன்னால் சரிபார்க்க ஒரு நல்ல கருவி இருக்கிறது. ராஜராஜவர்மா 1895 முதல் 1904 வரையிலான தன் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அது புத்தகமாக வந்திருக்கிறது. யார் வந்து உட்கார்ந்தார்கள், எந்த ஊரில் எந்தப் படம் முடிந்தது என்பதெல்லாம் அதில் வருகிறது. ஆண்டு பொருந்தும் படத்துக்கு அதைத்தான் முதலில் புரட்ட வேண்டும். அதோடு ஒரு காலைப்பொழுதை அருங்காட்சியக வளாகத்தில் செலவிடுங்கள். 1935இல் திறந்த ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத்தின் ரவிவர்மா படங்களுக்கு 2023இல் அங்கேயே தனிக் கட்டடம் கிடைத்தது. உதடு, நகம், ஜரிகை, முத்து இந்த நான்கையும் அவர் எப்படி எழுதுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு சாலைக்குத் திரும்பி வந்து அந்த வீட்டுப் படத்தின் முத்தைப் பாருங்கள். பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முன்பக்கம், பின்பக்கம்

படத்தைப் பார்க்கப் போகும் நாளில் பையில் இவை இருக்கட்டும்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு சாதா டார்ச், ஒரு புறஊதா டார்ச், அளவு நாடா, மெத்தென்ற பழைய வேட்டி ஒன்று. வேட்டி, படத்தைக் கவிழ்த்து வைக்க.

லென்ஸை வைத்து முகத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவ்லா பக்கத்து மளவ்லிக்கு மாற்றிய அச்சகத்தின் ஓலியோகிராஃப்களில் துணி நெசவு போலப் புடைப்பு அழுத்தி வார்னிஷும் பூசுவதுண்டு. தூரத்தில் நிஜத் துணி போலவே இருக்கும், அருகில் புள்ளி காட்டிக் கொடுக்கும். ஓலியோகிராஃப் பெரும்பாலும் தெய்வங்களும் புராணமும்தான். தனியார் ஒருவரின் உருவம் என்றால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: புகைப்படத்தைப் பெரிதாக்கி அதன் மேல் வண்ணம் பூசியது. வண்ணம் மெலிதாக இருக்கும் இடத்தில், முக்கியமாக கண்ணுக்குக் கீழும் கோட்டின் நிழலிலும், புகைப்படத்தின் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட படம் தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எண்ணெய் ஓவியத்தின் விலை அதற்கு இல்லை. இறந்தவரின் புகைப்படத்தைப் பார்த்து ஓவியம் எழுதுவது அன்றைக்கு வழக்கம், ரவிவர்மாவும் செய்திருக்கிறார். அதனால் அந்த மூலப் புகைப்படம் அலமாரியில் இருக்கிறதா என்று வீட்டாரிடம் மறக்காமல் கேளுங்கள்.

பிறகு படத்தை இறக்கச் சொல்ல வேண்டும். கேட்கத் தயங்குவார்கள், நீங்களும் தயங்குவீர்கள். ஆனால் பின்பக்கம் பார்க்காமல் படம் பார்த்ததாகக் கணக்கில்லை. நீங்களே ஏணி ஏறாதீர்கள். வீட்டு ஆள் ஒருவர் இறக்கட்டும், நீங்கள் கீழே நின்று தாங்குங்கள். பழைய கயிறு எப்போது அறும் என்று சொல்ல முடியாது.

அப்படி இறக்கிய ஒரு படம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கரமனையில் ஒரு வீடு. முன்பக்கம் கறுத்துப்போய் மூக்கும் ஒரு காதும் மட்டும் தெரிந்தது. கவிழ்த்தால், பின்பக்கத் துணி தேன் நிறத்தில், நேற்று வாங்கியது போல் சுத்தமாக இருந்தது. மூலையில் குளவிக் கூடு ஒன்று, மண் மட்டும் மிஞ்சியிருந்தது. நடுவில் வட்டமாக ஒரு முத்திரை: லண்டன் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் துணி. சட்டத்தின் நான்கு மூலையிலும் துணியை இறுக்க அடிக்கும் சின்ன மர ஆப்புகள். ஒன்று விழுந்துபோய் அந்த இடத்தில் தென்னை ஈர்க்கை மடித்துச் சொருகியிருந்தார்கள். கீழ்க்கட்டையில் பென்சிலால் தமிழில் “அம்மைக்கு” என்று ஒரு சொல். வீட்டு மாமிக்கு அதைக் காட்டியபோது, “இத்தனை வருஷமா நானே தூசி தட்டறேன், இதைப் பார்த்ததே இல்லையே” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று விலை பேசவில்லை. யாருடைய அம்மை என்பதைத் தேடுவதில் இரண்டு மாதம் போயிற்று.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை சுருக்கமாக. துணியைச் சட்டத்தோடு பிணைத்தது சின்ன ஆணிகளா, ஸ்டேப்பிள் ஊசியா? ஸ்டேப்பிள் என்றால் 19ஆம் நூற்றாண்டுப் பிணைப்பு இல்லை. படம் புதியது, அல்லது பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். புறஊதா வெளிச்சத்தில் பழைய வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும், பின்னால் தொட்டுப் பூசிய இடம் கறுப்பாகத் தெரியும். கையெழுத்து மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெள்ளை நிறத்தைப் பரிசோதனைச் சாலையில் ஆராய முடியும். டைட்டானியம் வெள்ளை 1920களை ஒட்டித்தான் ஓவியர்கள் கைக்கு வந்தது, 1890 என்று எழுதிய படத்தின் அடிப்படை வண்ணத்தில் அது இருக்க வழியில்லை. இப்படிப்பட்ட ஆய்வுக்கு லக்னோவில் கலைப்பொருள் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எதையும் துடைக்காதீர்கள். வீட்டார் சிலர் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள், முகம் ஒரு நாள் பளபளக்கும், பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டி இறுகிவிடும். நீங்கள் போயிருக்கும்போது துணி எடுத்து வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

யாருக்குச் சொந்தம்

படம் யார் வீட்டில் தொங்குகிறதோ அவருக்குச் சொந்தம் என்று எண்ணி முன்பணம் கொடுத்தவர்கள் கோர்ட்டு வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திருவிதாங்கூர்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடச் சிக்கலானது. நாயர் தறவாட்டில் சொத்து மருமக்கள்வழியில், அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. படம் குடும்பத் தலைவரான காரணவரின் பொறுப்பில் இருந்த பொதுச் சொத்து. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்த சட்டம் 1975இல் வந்தது, 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் பங்கு விழுந்தது. பாகப்பத்திரத்தில் நிலமும் வீடும் இருக்கும், படம் இருக்காது.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிலும் மருமக்கள்வழி இருந்தது. கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது அந்த முறையின் கொடுமையைப் பற்றித்தான். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இறந்த ஒருவரின் படம் என்றால், அது மக்களுக்கு வந்ததா மருமக்களுக்கு வந்ததா என்று கேட்க வேண்டியிருக்கும். ஆரியசாலை வீட்டில் இருப்பவர் மகன் வழி, நாகர்கோவிலில் இருப்பவர் மருமகன் வழி, இரண்டு பேரும் “எங்க பாட்டா” என்பார்கள், இரண்டு பேரும் சொல்வது சரி.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. உரிமையாளரை உட்கார வைத்து, படத்தில் இருப்பவரிலிருந்து அவர் வரை வம்சாவளியை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அத்தை, சித்தி, கல்யாணமாகிப் போன பெண்கள் எல்லாரையும் சேர்த்து. இதில் பெண்களை விட்டுவிடுவது வழக்கம், நீங்கள் விடாதீர்கள். உயிரோடு இருக்கும் பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம். துபாயிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் மின்னஞ்சலில் அனுப்பினாலும் முதல் கட்டத்துக்குப் போதும், பணம் கைமாறும் முன் கையொப்பமிட்ட தாள் வர வேண்டும்.

சட்டம் சொல்வது

தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 100 ஆண்டு நிறைந்த ஓவியம் தொல்பொருள். அதை நாட்டுக்குள் ஒரு தனியாள் இன்னொருவருக்கு விற்கலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் சிறை. ஓவியங்கள் பதிவுசெய்ய வேண்டிய வகையில் வருகின்றன. உரிமையாளரிடம் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, அப்படி ஒன்று உண்டு என்றே தெரிந்திருக்காது. அவரைப் பயமுறுத்தாமல், விற்பதற்கு முன் அவர் பெயரில் பதிவு செய்ய நீங்களே கூட நின்று உதவுங்கள். பிறகு உரிமை மாறியதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். கேரளத் தொல்லியல் துறையின் தலைமையகம் கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனையில் இருக்கிறது, ஆரியசாலையிலிருந்து நடந்தே போகலாம். யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் தரகர் வந்தால், அவர் தொல்பொருள் வியாபாரத்துக்கான உரிமம் வைத்திருக்கிறாரா என்று கேட்பது உங்கள் கடமை.

ரவிவர்மாவுக்குத் தனி நிலை உண்டு. 1979இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டன. வயது எதுவானாலும் அவர் படம் நாட்டை விட்டுப் போகாது. சிங்கப்பூரிலோ லண்டனிலோ குடியிருக்கும் தமிழர்கள் சிலர் பாட்டனார் ஊர்ப் படம் ஒன்று வேண்டும் என்று எனக்கு எழுதுகிறார்கள். வாங்கலாம், ஆனால் இந்தியாவில்தான் வைத்திருக்க முடியும் என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். 100 ஆண்டு நிறையாத, அறிவிக்கப்பட்ட ஓவியர்களில் சேராத ஒருவரின் படமென்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு அனுப்பலாம்.

முதல் கடிதம்

நேரில் போகும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள். கையால் எழுதினால் இன்னும் நல்லது. நான் பயன்படுத்தும் மாதிரி:

“பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் பழைய உருவப்படங்களைப் பற்றி விவரம் சேகரித்து வருகிறேன். தங்கள் இல்லத்தில் தங்கள் முன்னோர் ஒருவரின் எண்ணெய் வண்ணப் படம் இருப்பதாக நம் இருவருக்கும் தெரிந்த நண்பர் ஒருவர் மூலம் அறிந்தேன். தங்களுக்குச் சௌகரியமான ஒரு நாளில் வந்து அதைப் பார்க்கவும், அவரைப் பற்றித் தாங்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் விரும்புகிறேன். படத்தைத் தொடமாட்டேன், தங்கள் அனுமதி இல்லாமல் புகைப்படம் எடுக்கமாட்டேன், எங்கும் வெளியிடமாட்டேன். நான் படங்களை விலைக்கு வாங்குகிறவனும்கூட என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தாங்களாகப் பேச்செடுத்தால் ஒழிய அதைப் பற்றி நான் கேட்கமாட்டேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

வாங்குகிறவன் என்ற வரியை எடுத்துவிடச் சொல்லிப் பலர் ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். எடுக்கக் கூடாது. ஆராய்ச்சி என்று சொல்லி உள்ளே போய், மூன்றாவது சந்திப்பில் பணப் பையைத் திறப்பவரை அந்தக் குடும்பம் மன்னிக்காது. அடுத்து வரும் உண்மையான ஆராய்ச்சி மாணவனுக்கும் கதவு திறக்காது.

பதில் வரவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொரு கடிதம். அதற்கும் வரவில்லை என்றால் அதுவே பதில்.

விலைப் பேச்சு

அவர்களாகப் பேச்செடுக்கும் நாள் வரும். மகளுக்கு வீடு கட்டுவதாக இருக்கும், அல்லது வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போவதாக இருக்கும். “அங்க இத எங்க மாட்டுகது?” என்று ஆரம்பிப்பார்கள்.

2023இல் ரவிவர்மாவின் யசோதையும் கிருஷ்ணனும் படம் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அந்தச் செய்தியை அவர்கள் படித்திருப்பார்கள். அது நிச்சயமான ரவிவர்மா, புராணப் படம், ஏலத்தில் போட்டி போட்டு ஏறிய விலை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பெயர் தெரியாத ஓவியரின் குடும்பப் படத்துக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. அதே சமயம், அது ரவிவர்மாவாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதை அவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு குமஸ்தா படத்தின் விலையில் வாங்குவது திருட்டுக்கு ஒரு படி கீழே என்றுகூட நான் சொல்லமாட்டேன், திருட்டேதான். ஆய்வுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, முடிவு எதுவானாலும் அறிக்கையின் நகலை அவர்களுக்குக் கொடுங்கள். வேறொருவருக்கு அதிக விலைக்கு விற்றாலும் விற்கட்டும்.

2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாகவே பணம் போகட்டும். பாத்திரம் போல ஓவியமும் வீட்டுச் சாமான்தானே என்று நினைப்பார்கள். வருமான வரிச் சட்டம் ஓவியத்தை அப்படிக் கருதுவதில்லை, விற்ற லாபத்துக்கு வரி உண்டு. இதையும் பேச்சு முடியும் முன்பே சொல்லி, அவர்களுடைய ஆடிட்டரைக் கேட்கச் சொல்லுங்கள். விற்பனைத் தாளில் படத்தின் அளவு, முன்பின் புகைப்படம், படத்தில் இருப்பவர் பெயர், குடும்பம் சொன்ன வரலாறு, பங்காளிகளின் கடிதங்கள் எல்லாம் இணைக்கப்பட வேண்டும். நாளை உங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தின் முன் நிற்கும்போது, இது யார் என்று தெரிந்திருப்பது அந்தத் தாளால்தான்.

நான் எப்போதும் சேர்க்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. குடும்பத்தார் எப்போது வந்து கேட்டாலும் படத்தைக் காட்டுவேன் என்பது ஒன்று. நான் விற்க நேர்ந்தால் முதலில் அவர்களைக் கேட்பேன் என்பது மற்றொன்று.

எடுத்துவரும் நாள்

மழைக்காலத்தில் எடுக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது. பகல் பதினொன்றுக்கு முன் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் சாலைத் தெருவில் லாரியும் சுமடுக்காரர்களும் நிறைந்துவிடும். இரண்டு பேர் வேண்டும். படத்தின் மேல் நேராகப் பிளாஸ்டிக் சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி, அதன் மேல் அட்டை, அதன் மேல் கயிறு. ஆட்டோவில் கிடைமட்டமாக வைக்காமல் நிறுத்தி வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் முன்பே, நல்ல கேமராவில் எடுத்த படத்தை அதே அளவில் அச்சிட்டு, அதே மாதிரிச் சட்டம் போட்டு அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். கரமனை மாமி அந்தப் புதிய சட்டத்தைக் கையில் வாங்கி, பின்பக்கக் கீழ்க்கட்டையில் பென்சிலால் “அம்மைக்கு” என்று தானே எழுதினார். பிறகு குங்குமச் சிமிழ் எடுத்து வந்து புதிய கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்து, பழைய ஆணியிலேயே மாட்டச் சொன்னார். மாட்டி முடித்து, அது நேராக இருக்கிறது என்று அவர் தலையசைத்த பிறகுதான் நாங்கள் பழைய படத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினோம்.